முனியாவின் நகம் வெட்டியவர்

வாணியம்பாடித் தோல் மண்டியில், சீமைக்குப் போகும் தோல்களைத் தரம் பார்ப்பவர் அவர். கறை ஏறிய விரல்கள். எதையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

என் முனியாக் குருவியின் நகம் வளர்ந்து கூண்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டது. வெட்டிவிட அவரை அழைத்தேன்.

"நீங்க உள்ள போங்க சார்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் வீட்டிலும் நாலு முனியா உண்டு. மாற்றிவிட்டால்? கதவிடுக்கில் பார்த்தேன். குருவியின் காலை வெயிலில் பிடித்து, ரத்தம் ஓடும் இடத்தை விட்டு நுனியை மட்டும் நறுக்கினார். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டார்; அவர் கை எனக்குத் தெரியவில்லை.

"என்னை ஏன் வெரட்டினீங்க?"

"புடிச்ச கைய அது மறக்காது சார். பயம் என் மேலயே இருக்கட்டும்."

நல்ல சாக்கு என்று நினைத்தேன். மாலையில் குருவி என் கையில் தினை தின்றது. அவர் பழக்கிய குருவியானாலும் யார் கையிலும் தின்னுமே!

மறுவாரம் தெருவில் அவர் குரல் கேட்டதும், அது கூண்டு மூலையில் போய் ஒடுங்கியது.