கொறச்சு, கொறச்சு!

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிய நாளிலிருந்து என் மனைவிக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். இரண்டே இருக்கை. ஏலக்காய் மூட்டை ஒன்றைக்கூட ஏற்ற முடியாது. போடியில் வீடும் மலைமேல் தோட்டமும் வைத்திருப்பவனுக்கு இப்படியொரு பழைய வண்டி எதற்கு என்று கேட்பாள். ஆசை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு இதுலயே தோட்டத்துக்கு வர்றேன். மேல கொண்டுபோய்ச் சேர்த்துச்சுன்னா இருக்கட்டும். நடுவழியில நின்னுச்சு, நாளைக்கே வித்துரணும். சரியா?"

சரி என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே!

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டும் வரை ராஜநடைதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏறத்தான் வினை. வண்டி இருமியது, பின்னால் கரும்புகை கிளம்பியது, ஒரு வளைவில் பொசுக்கென்று அணைந்தது.

"நின்னுருச்சா?" என்றாள்.

"இல்ல, மூச்சு வாங்குது."

பழைய இன்ஜெக்ஷன் வண்டி அது. இப்போதைய கார்களைப் போல இடத்துக்குத் தக்கபடி பெட்ரோலைத் தானே அளந்துகொள்ளத் தெரியாது. இன்ஜினில் ஒரு குறுகிய ஓட்டை, அதற்குள் ஒரு திருகு. நீளமான ஆலன் கீயை விட்டு ஒரு பக்கம் மயிரிழை திருப்பினால் பெட்ரோல் கூடும், மறுபக்கம் திருப்பினால் குறையும். மேட்டில் இழுக்கிற மாட்டுக்கே தீனி கூடப் போடுகிறோம், வண்டிக்கும் கூட்டத்தான் வேண்டும் என்பது என் கணக்கு. கூட்டினேன்.

அப்போது மேலிருந்து ஒரு ஜீப்பு இறங்கி வந்து நின்றது. கேரள நம்பர். எனக்கு மலையாளம் தண்ணி பட்ட பாடு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவன் நான், விடுவேனா? "சேட்டா, ஒண்ணு நோக்காமோ?" என்று வண்டியைக் காட்டி டிரைவரைக் கேட்டேன். தலையாட்டிவிட்டு அவர் புகைக்குழாய் பக்கம் போய் நின்றார்.

மனைவியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நான் இன்ஜின்மேல் குனிந்தேன். அது உதறிக்கொண்டே ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவர் கத்தியதில் முதல் சொல்தான் என் காதில் விழுந்தது. "கொறச்சு! கொறச்சு!"

மலையாளத்தில் கொறச்சு என்றால் கொஞ்சம். ஆகா, இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்கிறார்! கூட்டினேன். புகையும் கூடியது. "கொறச்சு, கொறச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நான் மேலும் கொஞ்சம் கூட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சொன்னபடிதானேய்யா செய்கிறேன் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனியும் கொறச்சோ?" என்று நானும் கத்தினேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

போச்சு, நாளைக்கு எவனோ என் வண்டியை ஓட்டிக்கொண்டு போகப்போகிறான். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே போதும், நினைத்தது நடந்துவிடும். ஆனால் அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"சிலமலைம்மா. ஜீப்பு மட்டுந்தான் கேரளாவுல பூப்பாறை மொதலாளியோடது. அண்ணன் மலையாளி போல, நான் சொல்றது வெளங்கவே மாட்டேங்குது. பெட்ரோலக் கொறச்சு விடுங்கன்னா கூட்டிக்கிட்டே போறாரு!"

சிலமலை! எங்களுக்குப் பக்கத்து ஊர். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டிருக்கும். "அவரு போடிதாண்ணே" என்றாள்.

"அடக் கொடுமையே! மேல ஏற ஏறக் காத்து கம்மியாயிரும்ணே. பெட்ரோலயும் கொறச்சாத்தான் ஓடும். வெரசாக் கொறைங்க, எனக்குச் சோலி கெடக்கு."

குறைத்தேன். கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்ததும் புகை அடங்கி, இன்ஜின் சீராக உறுமியது. போடிமெட்டைத் தாண்டித் தோட்டத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நான் தீர்ப்புக்காகக் கை பிசைந்துகொண்டு நின்றேன்.

"மூச்சு வாங்குனதாவே இருக்கட்டும், விக்க வேணாம்" என்றாள். "நீங்க மொதல்ல அந்த மலையாளத்தக் கொறச்சுக்கங்க."