மடியில் ஐந்து நாள் குளிசை

சாமி, பேய் என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். உங்களுக்குத் தெரியும். ஆனால் போன கிழமை நடந்ததை... சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் மச்சான் தவராசா களுவாஞ்சிக்குடிப் பக்கம் வயல் செய்கிறவர். வாவிக்கரை அம்மன் கோயிலில் வருஷா வருஷம் தெய்வம் ஆடுகிறவரும் அவர்தான். நெஞ்சுவலி என்று அஞ்சியோகிராம் செய்ததில், இரண்டு அடைப்பு.

“ஸ்டென்ட்டும் வைக்கலாம், பைபாஸும் செய்யலாம்” என்றார் டொக்டர் அம்மா. “ஸ்டென்ட் எண்டா ஒரு வருஷத்துக்குக் குளிசைய ஒரு நாளும் விடக்கூடாது. விட்டா அதுக்குள்ளேயே இரத்தம் கட்டும், உயிரே போகலாம். விடமாட்டீங்கதானே?”

“ஓம் டொக்டர். விடமாட்டன்.”

நெஞ்சைப் பிளக்காமல் தப்பினோம் என்று மச்சானுக்கு வாயெல்லாம் பல். கோயில் சடங்கு முடிந்த மறுகிழமை ஸ்டென்ட் என்று நாள் குறித்தார்கள். அன்றிலிருந்தே தினம் ஒன்று குடிக்கச் சொல்லி மருந்துக் குளிசையும் தந்தார்கள்.

கோயில் கதவு திறப்பதில் தொடங்கி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு முடிகிற எட்டு நாள் சடங்கு. ஐந்தாம் நாள், நல்ல உச்சிவெயில். ஆட வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டோம் — கேட்டால்தானே! பயத்தில் நான் முன்னாலேயே நின்றேன்.

ஆடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றார். உடுக்கும் நின்றது. நேராக என்னிடம் வந்தார்.

“கிட்ட வா மகனே.”

பெண் குரல். நாற்பது வருஷம் பழகிய வாயிலிருந்து, நான் ஒருநாளும் கேட்காத குரல்.

“இந்த உடம்பு பொய் சொல்லிப்போட்டுது. என்ட கதவு திறந்தா, குளுத்தி முடியும் மட்டும் மருந்து இதுட வாயில படாது. மருந்து குடுத்தவவிட்ட போய்ச் சொல்லு.”

என் கையில் திருநீற்றைக் கொட்டியது அந்தக் கை. ஏதோ உறுத்தியது. பார்த்தால், ஐந்து நாள் குளிசை... வியர்வையில் நனைந்து கிடந்தது.

பின்னேரம் மச்சானிடம் கேட்டேன். “நான் என்னத்தச் சொன்ன? ஒண்டும் தெரியா மச்சான்” என்றவர், மடியைத் தடவினார். முகம் வெளுத்துவிட்டது.

“விரதத்தில மருந்து குடிச்சா ஆட ஏலா. அதான் மடிக்குள்ள முடிஞ்சு வெச்சன். பொஞ்சாதிக்கும் சொல்லல்லியே!”

அவருடைய பயம்தான் அப்படிப் பேசியிருக்கும் என்கிறது என் படித்த மூளை. சரி. அப்படியென்றால் அந்தக் குரல் யாருடையது?

மறுநாளே மச்சானோடு ஆஸ்பத்திரி. ஐந்து நாள் மருந்து விட்டதை நான்தான் சொன்னேன். டொக்டர் அம்மா ஸ்டென்ட் என்று எழுதியிருந்ததை வெட்டினார். “குளிசைய இண்டைக்கே திரும்பத் தொடங்குங்க. விரதம் விடமாட்டீங்க எண்டா, உங்களுக்கு பைபாஸ்தான் தோது.”

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மருந்த விட்டத உங்களுக்கு ஆர் சொன்னது?”

“நோயாளிதான்” என்றேன்.

பொய்யில்லையே... குரல் மட்டும்தான் அவருடையது இல்லை.