சாமி மேடையில் ஒரு மாத்திரை அட்டை

சித்தப்பா வீட்டுச் சாமி மேடையில், மாரியம்மன் படத்துக்குக் கீழே, திருநீற்றுக் கிண்ணத்தை ஒட்டி ஒரு மாத்திரை அட்டை இருக்கும். பூ வைப்பதுபோல் சித்தி அதற்கும் தினம் ஒரு குங்குமப் பொட்டு வைப்பார். வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன, அம்மனுக்குத் தலைவலியா?" என்று கிண்டல் செய்வார்கள். "ஆமாலா, எங்க வீட்டு அம்மனுக்கு மருந்துன்னா ரொம்பப் பிரியம்" என்று சித்தியும் சிரித்துக்கொண்டே காப்பி கலக்கப் போய்விடுவார். அந்த அட்டை அங்கே ஏறாமல் போயிருந்தால் சித்தப்பா இன்று இல்லை. இதை நான் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் மெர்லிமாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். சித்தப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். அவர் சிரித்தால் எங்கள் வீட்டுக் கோழி மிரளும். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. தூக்கம் போனது, சாப்பாடு போனது, போத்தல் வந்தது. குடித்ததால் மனசு விழுந்ததா, மனசு விழுந்ததால் குடித்தாரா என்று எங்கள் வீட்டில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. அரசாங்க கிளினிக்கில் இருந்த டாக்டரம்மாதான் அதை முடித்து வைத்தார். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் என்றார். மூளையில் செரட்டோனின் என்று ஒன்று இருக்கிறது, தூக்கம், பசி, மனநிலை எல்லாவற்றிலும் அதற்குக் கை உண்டு, மனச்சோர்வு உள்ளவர்களிடமும் மிதமிஞ்சிக் குடிப்பவர்களிடமும் உயிரை விட நினைப்பவர்களிடமும் அதன் வேலை மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, முழுசாக இன்னும் யாருக்கும் தெரியாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு மாத்திரை எழுதினார். குடியை விடுவதற்கும் தனியாக வரச் சொன்னார். வெளியே வந்ததும் சித்தப்பா என்னிடம், "மண்டைக்குள்ள இருக்கிற மண்டோர் எம்சி எடுத்துட்டாராம்லா. ஆளுங்க எப்படி வேலை செய்வாங்க?" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி; எம்சி, டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பு. வெகுநாள் கழித்து அவர் அடித்த முதல் பகடி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில வாரங்களில் மண்டோர் மெல்ல வேலைக்குத் திரும்பினார். சித்தப்பா தினமும் முகம் மழித்தார், போத்தலைத் தொடவில்லை. நன்றிக்கடனாகத் தீ மிதிக்கிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கோயிலில் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கவிச்சி கூடாது, சிகரெட் கூடாது, எந்தப் போதையும் கூடாது. லாரியில் கூட வேலை செய்த ஒருவர், "மண்டைக்குப் போடற மாத்திரையும் போதைதானண்ணே?" என்று ஏதோ பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். எங்கள் சித்தப்பா யாரிடமும் மூச்சு விடாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். அம்மனுக்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம்!

விரதத்தில் ஆள் வாடுவது சகஜம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு காலையில் அவர் தன் ஆசைத் தூண்டிலைத் துடைத்து என் அப்பாவிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்கண்ணே, எனக்கு இனி எதுக்கு" என்றார். அப்பா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சித்திக்குத்தான் சுருக்கென்றது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றார்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. செத்துப் போகணும்னு தோணுதா?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிறகு விம்மி விம்மி அழுதார். மாத்திரையை நிறுத்தி அட்டையை லாரி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தது அப்போதுதான் வெளியே வந்தது. உடனே போடுங்கள் என்றால், "காப்புக் கட்டியிருக்கேன், அம்மன் குத்தமாயிடும்" என்று ஒரே பிடி. சித்தி வாதாடவில்லை. அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து நேரே கோயிலுக்கு ஓட்டினார். நான் அப்பாவோடு பின்னாலேயே போனேன்.

பூசாரி முழுவதையும் கேட்டார். இடுப்பு மடியை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"பிரஷருக்கு. இதைப் போட்டுட்டுதான் தம்பி நான் அம்மனைத் தொடறேன். போதைன்னா ஆளைச் சாய்க்கும். உன் மருந்து உன்னை எழுப்பி உக்கார வெச்சுதா இல்லையா?"

சித்தி கொண்டுவந்த அட்டையை அவர் அம்மன் காலடியில் வைத்து எடுத்து, சித்தப்பாவின் கையில் கொடுத்தார். "தீ எங்கயும் போயிடாது, அடுத்த வருஷமும் மிதிக்கலாம். இப்ப கிளினிக்குப் போ. தங்கச்சி, இவரைத் தனியா விடாதம்மா."

டாக்டரம்மா திட்டவில்லை. தானாக நிறுத்தவோ கூட்டவோ கூடாது என்றார், அடிக்கடி வரச் சொன்னார், நல்லாகும் வரை வீட்டில் யாராவது கூடவே இருக்கச் சொன்னார். அன்றே சித்தி அந்த அட்டையை வீட்டுச் சாமி மேடையில் வைத்தார். நாங்கள் மாறி மாறிக் கூட இருந்தோம். அப்பா தூண்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவரோடு தஞ்சோங் கிளிங் கடலோரம் போய் உட்கார்ந்தார். ஒரு தடவை போத்தல் திரும்ப வந்தது, திரும்பவும் போனது. கோழி மறுபடி மிரண்ட நாளில் சித்தி பாயசம் வைத்தார்.

இப்போது எனக்கு குருபோங்கில் வேலை, வீடு. இந்த வருஷம் காப்புக் கட்டுக்குப் போயிருந்தேன். பூசாரிக்கு வயதாகிவிட்டது. வரிசையில் வருகிறவர்களிடம், "பேரு? நட்சத்திரம்? என்ன மருந்து சாப்பிடறே?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கட்டுகிறார். சித்தப்பாவின் அந்தக் காலைக்குப் பிறகு வந்த வழக்கம் இது. ஒருவர் சீனி வியாதி என்றார், ஒருவர் பிரஷர் என்றார். சித்தப்பா முறை வந்தது. ஒரு காலத்தில் அட்டையை லாரி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தவர், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "மனசுக்கு, ஐயா!" என்றார்.

பின்னால் நின்றவர், அன்றைக்கு "போதைதானே" என்று கேட்ட அதே லாரிக்காரர். ஓய்வு பெற்று, மனைவியை இழந்து, ஆள் பாதியாகியிருந்தார். சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பியைத் தொடாமல் வெகுநேரம் சாமி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணே, எனக்கும் அதுல ஒண்ணு..." என்று இழுத்தார்.

சித்தப்பா எழுந்து போய் அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். குங்குமம் விரலில் ஒட்டியது.

"நல்லாப் பாத்துக்க. ஆனா இது எனக்கு எழுதினது. உனக்கு என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். இன்னிக்கு இங்கேயே படு. காலையில நானே கூட்டிட்டுப் போறேன்லா."

அட்டையை வாங்கி மறுபடியும் அம்மனுக்குக் கீழே வைத்துவிட்டு, அவருக்குப் பாய் எடுக்க உள்ளே போனார்.