மேஸ்திரியின் ரசமட்டம்

ஆளில்லாத ஒரு ஸ்ட்ரெச்சர். அதன் நடுவே, நோயாளியின் தொப்புள் வரவேண்டிய இடத்தில், விளிம்பு தொட நிரம்பிய ஓர் எவர்சில்வர் டம்ளர் தண்ணீர். தோஹா தொழில்பேட்டைச் சாலையில், காலை ஏழு மணி வெயிலில், ஒரு மனிதர் அதைத் தூங்கும் குழந்தையைத் தள்ளுவதுபோலத் தள்ளிக்கொண்டு போகிறார். பின்னால் நோட்டும் பென்சிலுமாக ஒரு நேபாளி. தண்ணீர் தளும்பினால் முன்னவர் நிற்கிறார், குனிந்து தார்ச்சாலையைத் தடவிப் பார்க்கிறார், நேபாளி ஏதோ எழுதுகிறார். காருக்குள்ளிருந்து இதைப் பார்த்த எனக்கு முதலில் வந்தது சிரிப்பல்ல, கவலை. இரண்டு பேரும் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்குச் சித்தம் கலங்கியிருந்தால் அதற்கும் நான்தான் படிவம் நிரப்ப வேண்டும்.

அப்போது நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நோயாளர் சேவைப் பிரிவின் துணை மேலாளர். என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களுக்கு, மருத்துவம் தெரிந்தவர்கள் செய்யாத எல்லாவற்றையும் செய்வேன் என்று சொல்வதுண்டு. எந்தப் படுக்கை காலி, எந்த லிஃப்ட் ரிப்பேர், யாருடைய கஞ்சியில் உப்பில்லை என்பதெல்லாம் என் மேசைக்கு வந்து சேரும். அந்த வருடம் பழைய கட்டடத்தை மூடிவிட்டு, அதே சாலையில் நானூறு மீட்டர் தள்ளிக் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போவதென்று முடிவாகி, உள்நோயாளிகளை இடம் மாற்றும் திட்டத்தை என்னிடம் கொடுத்தார்கள். எக்செல்லில் ஏழு வண்ணங்களில் ஒரு அட்டவணை போட்டேன். எந்தப் படுக்கை எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குக் கிளம்பும், எப்போது சேரும் என்பது வரை அதில் இருந்தது. டைரக்டர் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றார். என்னை அறியாமல் எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த நிமிர்வுதான் காரணம்.

டம்ளர் மனிதர் எங்கள் போர்ட்டர்களின் சூப்பர்வைசர். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். மருத்துவமனைக்கு வருமுன் பத்து வருடம் சைட்டுகளில் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர். முதுகு வலி வந்து வேலை மாறினாலும் பெயர் மாறவில்லை. டாக்டர்கள்கூட மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனால் அவர் என்னை அழைக்கும் ‘சார்’-இல் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை என்னால் பிரித்தெடுக்க முடிந்ததில்லை. டம்ளர் எதற்கு என்று கேட்டபோது, என் அட்டவணையில் தூரம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, குலுக்கல் இல்லை என்றார். மட்டம் பார்க்க ரசமட்டம் வைக்காமல் சுவர் எழுப்ப மாட்டோமே, நோயாளியை மட்டும் எப்படிக் கொண்டுபோவது? மூன்று இடத்தில் வேகத்தடை. அங்கெல்லாம் தண்ணீர் பாதியாகிவிடுகிறது. சென்ட்ரிங் பலகையை அறுத்துச் சாய்வாகப் போட்டால் சரியாகிவிடும், போடட்டுமா என்றார். சாலை நகராட்சியுடையது, கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும் என்றேன். அவர் தலையாட்டினார். அனுமதிக்குக் காத்திருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஆட்களை எடைபோடத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

இடமாற்றத்துக்கு நான் குறித்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெளிநோயாளர் பிரிவுக்கு விடுமுறை, ஆபரேஷன்கள் இல்லை. இரண்டு வெள்ளிகள் காலை ஆறு மணிக்கு நானே வண்டியோட்டிப் பார்த்துவிட்டேன், சாலையில் ஈ காக்காய் இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது மேஸ்திரி மட்டும், “வெள்ளிக்கிழமை வேணாம் சார்” என்றார்.

இந்த இடத்தை எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே அனுப்பக் கூடாது, லட்சுமி போய்விடுவாள் என்று சொல்கிற குடும்பத்தில் வளர்ந்து, அதை எதிர்த்துப் புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். வாயைத் திறந்துவிட்டேன். நாள் நட்சத்திரத்தைப் பற்றி, அறிவியலைப் பற்றி, மருத்துவமனையில் ராகுகாலம் பார்த்தால் பிரசவ வார்டின் கதி என்ன என்பதைப் பற்றி, பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். மேஸ்திரி இரண்டு முறை வாயெடுத்தார். நான் விடவில்லை. கடைசியில் “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மூடநம்பிக்கையை ஒழித்த திருப்தியில் அன்று மதியம் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்கினோம். இரண்டு ஆம்புலன்ஸ், வார்டு வாரியாக நோயாளிகள், ஒவ்வொருவர் கோப்பும் அவரவர் கால்மாட்டில். சாலையின் மூன்று வேகத்தடைகளிலும் சாய்வுப் பலகைகள் கிடந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் பழைய கட்டடக் கணக்கில் டிஸ்சார்ஜ் செய்து, புதிய கட்டடக் கணக்கில் அட்மிட் செய்து, புதிய கைப்பட்டை கட்டிய பிறகே படுக்கைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி போட்டிருந்தேன். கைப்பட்டை அச்சடிக்கிற இயந்திரம் ஏழரைக்குப் படுத்துவிட்டது. நடக்கக்கூடிய நோயாளிகள் புதிய கட்டட வாசலில், திருப்பதி தர்ம தரிசனம்போல வரிசையில் நின்றார்கள். இரண்டு மணி நேரம் அங்கே போயிற்று.

கடைசியாக மீதியிருந்தவர் தேவகோட்டைப் பக்கத்து வெல்டர், முப்பது வயதிருக்கும். சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துப் பட்டையும் ஆக்சிஜனுமாகப் படுத்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது, அன்று மாலை அவருக்குத்தான் அங்கே முதல் ஆபரேஷன். கழுத்துக்குக் கீழே வலது கால் கட்டை விரலில் மட்டும் உயிர் இருந்தது. ஒரு குலுக்கலில் அதுவும் போகலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று முறை மேஸ்திரி வந்து அந்த விரலைத் தொட்டு, “ஆட்டு மாப்ள” என்பார். விரல் ஆடும். அதுதான் இருவருக்கும் வணக்கம் மாதிரி.

பதினொன்றே காலுக்கு அவரை இறக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். சாலையைக் காணவில்லை.

இருந்த இடத்தில் கார்கள். இரண்டு வரிசை, சில இடத்தில் மூன்று. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளிவாசல் இருப்பது எனக்குத் தெரியும், பதினோரு வருடமாகப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு வெள்ளி மதியம்கூட நான் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. பிரியாணி, பிறகு தூக்கம். ஜும்ஆ தொழுகைக்கு அத்தனை தொழிலாளர் கேம்ப்களிலிருந்தும் ஆட்கள் வந்து, உள்ளே இடம் போதாமல் சாலையிலேயே பாய் விரிப்பார்கள் என்பது, வெள்ளிக்கிழமை கண் திறந்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். போன ஆம்புலன்ஸ் இரண்டும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்குப் பழைய கட்டடத்தின் ஆக்சிஜன் குழாயை மூடுவதாக அனுமதிக் கடிதம், அதை மாற்றிக் கையெழுத்துப் போட விடுமுறை நாளில் ஆளில்லை. மூடுகிறவர்கள் மாடியில் ஸ்பேனருடன் தயாராக இருந்தார்கள். மற்ற சிலிண்டர்களெல்லாம் நோயாளிகளோடு போய்விட்டன. கையில் இருந்தது ஒரே ஒரு சின்ன சிலிண்டர், அரை மணி நேரத்துக்கு வரும். தொழுகை முடிந்து வண்டிகள் கலைய ஒரு மணியாகும்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார். “சார், அன்னைக்கு நான் சொன்னது சாமி விஷயம் இல்ல. பார்க்கிங் விஷயம்.”

அவர் சாலையை ஒரு பார்வை அளந்தார். நடந்தே போய்விடலாம், நானூறு மீட்டர்தான், ஸ்ட்ரெச்சர் போகிற அகலம் கிடைத்தால் போதும் என்றார். ஐசியு சிஸ்டர் கோட்டயத்துக்காரர், என்னைப் பார்க்காமல் டாக்டரை ஃபோனில் பிடித்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, “போவாம்” என்று, போகலாம் என்பதை மலையாளத்தில் சொல்லி, சிலிண்டரைத் திறந்தார். மேஸ்திரி குனிந்து விரலைத் தொட்டார். ஆடியது. பிறகு எங்கிருந்தோ அந்த டம்ளரை எடுத்து, நிரப்பி, ஸ்ட்ரெச்சரின் கால்மாட்டுத் தட்டில் வைத்தார். என்னிடம், “நீங்க இதை மட்டும் பாருங்க சார். தளும்புனா ‘நில்லு’ன்னு சொல்லுங்க” என்றார். இவ்வளவு தெளிவான வேலையை அதற்கு முன்பும் பின்பும் யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

கிளம்பினோம். தலைமாட்டில் மேஸ்திரி, பக்கங்களில் நான்கு போர்ட்டர்கள், சிலிண்டர் முள்ளைப் பார்த்தபடி சிஸ்டர், தண்ணீரைப் பார்த்தபடி நான். கார்களுக்கு நடுவே ஒரு சந்துபோல வழி இருந்தது. வெயில் நேராக வெல்டரின் முகத்தில் அடித்தது, அவரால் தலையைத் திருப்ப முடியாது. பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் நான்கு பேர், யாரும் கேட்காமலே எழுந்து வந்து, எங்கள் வெள்ளைப் பெட்ஷீட்டைப் பிரித்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். நிழலோடு நடந்தோம். முதல் வேகத்தடையின் பலகை, இரண்டாவது பலகை, இரண்டிலும் தண்ணீர் அசைந்து அசைந்து விளிம்பிலேயே நின்றது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் தளும்பியிருந்தால்தான் உண்டு.

“அண்ணே, மேல என்ன வெள்ளையா போகுது?” என்றார் வெல்டர்.

“ஒனக்குத்தான் மாப்ள, மேற்கட்டி. பேசாம வா, ஊர்வலத்துல சாமி பேசக் கூடாது.”

மூன்றாவது பலகையின்மேல் ஒரு வெள்ளைக் கார் நின்றது. குறுக்காக, சாவகாசமாக, ஒரு எருமையைப்போல. இந்தப் பக்கமும் வழியில்லை, அந்தப் பக்கமும் இல்லை. சிஸ்டர் முள்ளைப் பார்த்துவிட்டு, பாதிக்குக் கீழே போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். மேஸ்திரி ஸ்ட்ரெச்சரிலிருந்து கையை எடுக்காமல், தொழுகைக்கு வந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து, “பாய், மரீஸ் ஹை” என்றார். நோயாளி இருக்கிறார், அவ்வளவுதான் அதற்குப் பொருள். பாகிஸ்தானின் பட்டாணிய லாரி டிரைவர்கள், பங்களாதேஷ் கம்பி கட்டுகிறவர்கள், கேரளத்துக் கடைக்காரர் ஒருவர் என்று பத்துப் பேர் காரைச் சுற்றி நின்றார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டைகள். ஒரு தாடிக்காரர் “யல்லா” என்றதும் காரின் பின்பக்கம் தரையைவிட்டு எழுந்தது, மணப்பெண்ணைப்போல நகர்ந்து நடைபாதையில் உட்கார்ந்தது. பிறகு முன்பக்கம். கை தட்டத் தோன்றியது. ஆனால் எனக்கு வேலை டம்ளர். தாடிக்காரர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “மாஃபி முஷ்கில்” என்று சொல்லிவிட்டுப் பாய்க்குத் திரும்பினார். அவருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லையாம்.

பலகை ஏறி இறங்கினோம். பிரசங்கம் ஒலிபெருக்கியில் தொடங்கும்போது புதிய கட்டடத்தின் குளிர்ந்த வாசலுக்குள் இருந்தோம். சிஸ்டர் ஆக்சிஜனைச் சுவர்க் குழாய்க்கு மாற்றினார். மேஸ்திரி கால்மாட்டுக்கு வந்து விரலைத் தொட்டார்.

“ஆட்டு மாப்ள.”

ஒன்றும் நடக்கவில்லை. மேஸ்திரி இன்னொரு முறை சொல்லவில்லை, தொட்ட கையை எடுக்கவும் இல்லை. பிறகு கட்டை விரல், சோம்பலாக, மனமில்லாமல், ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. அதன் பக்கத்து விரலும் கொஞ்சம் ஆடியதாக மேஸ்திரி சத்தியம் செய்வார்.

எனக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கண் முன்னால் தண்ணீர் இருந்தது. எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “எவ்வளவு சிந்துச்சுன்னு பாக்கலாம்னு இருந்தேன்” என்றார். “ரிப்போர்ட்டையே குடிச்சிட்டீங்களே சார்.” அந்த ‘சார்’-இல் மட்டும் கிண்டல் எவ்வளவு என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் கழித்து, ஊருக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள வெல்டர் வாக்கரைத் தள்ளியபடி என் அறைக்கு வந்தார். மேஸ்திரி அதே டம்ளரில் விளிம்புவரை டீ ஊற்றி நீட்டினார். வெல்டர் வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து வாங்கினார். கை நடுங்கி, பாதி டீ என் புது ஷூவில் விழுந்தது. நான் காலை இழுத்தேன். மேஸ்திரி என் தோளைப் பிடித்து நிறுத்தினார். “சிந்தட்டும் சார். நின்னுக்கிட்டுல்ல சிந்துறான்.”

மேஸ்திரி இப்போது ரியாத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் போர்ட்டர்களுக்கெல்லாம் தலைவர். போகும்போது டம்ளரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பார்க்க வருகிறவர்கள் அதைப் பேனா வைக்கிற குவளை என்று நினைக்கிறார்கள். நாளைக் காலை குழந்தைகள் வார்டைப் புதிய இணைப்புப் பாலம் வழியாக அடுத்த கட்டடத்துக்கு மாற்றுகிறோம். சனிக்கிழமை. பாலம் கட்டியவர்கள் வந்து, அதிர்வை அளக்கிற கருவி ஒன்றை ஓடவிட்டு, எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் என்று பச்சை நிறத்தில் அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பச்சை நிறம் பிடிக்கும். இருந்தாலும் பேனாக்களைக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி, நிரப்பி, ஆளில்லாத ஸ்ட்ரெச்சரில் வைத்து நானே தள்ளினேன். ஐம்பத்து மூன்று வயதில், டை கட்டிக்கொண்டு. பாலத்தில் இருந்த செவிலியர்கள் என் சித்தத்தைப் பற்றிக் கவலைப்பட்டதை முகத்தில் பார்த்தேன். பாலம் முடிந்து கட்டடம் தொடங்குகிற இடத்தில் ஓர் உலோகப் பட்டை, தண்ணீர் எகிறிக் குதித்தது. துள்ளிவிட்டேன் நானும். நனைந்த ஸ்ட்ரெச்சரைப் படம் எடுத்து மேஸ்திரிக்கு அனுப்பி, பலகை போடச் சொல்லிவிட்டேன், மறுபடி ஒரு முறை நிரப்பித் தள்ளிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினேன்.

வெள்ளிக்கிழமை, ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் அவர் தோசை தின்கிற நேரம். பின்னால் பஸ்காரர்கள் கத்துகிற சத்தத்தோடு குரல் பதிவு வந்தது. பட்டையின் இரண்டு பக்கமும் ரப்பர் விரிக்கவும் சொன்னார், குழந்தைகள் எடை குறைவு, ஸ்ட்ரெச்சர் கூடுதலாகத் துள்ளும் என்றார். பிறகு கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம். பிறகு, “இந்தத் தடவையாவது அளந்து பாத்துட்டு குடிங்க சார்.”