பல்லேடியமும் பழந்துணியும்

வினையூக்கி தயாரிப்பது, மேலதிகாரி எட்டிப் பார்க்காத நாளில் மட்டும் ஒழுங்காகப் பலன் தரும் தொழில். இதே மாதிரி ஏதாவது ஒரு தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

தேயாத பொடி

2015 வாக்கில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் கான்ட்ராக்டில் இருந்தேன். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதற்குக் காரணமான ஃபார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைப் பிரிப்பது எங்கள் வேலை. உண்மையில் பிரிப்பது பல்லேடியம் என்ற உலோகம், அதுதான் வினையூக்கி. அதைக் கரித்தூளில் ஏற்றி வைத்திருப்போம். எத்தனை முறை பிரித்தாலும் அது தீராது என்று, கூடத்தைச் சுத்தம் செய்யும் முத்தாண்டிக்குப்பம் வசந்தாவிடம் விளக்கினேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை.

"வேலையும் பாத்துகினு தேயாமலும் இருக்குதா? அப்ப அது நம்மள மாதிரி கான்ட்ராக்ட் இல்ல சார்."

விரல் பரிசோதனை

எங்கள் வேலையைத் தொடர விடலாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஓர் ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. அமிலத்திலிருந்து வரும் வாயு மின்சாரமாகி, ஒரு பொம்மை விசிறியைச் சுற்ற வேண்டும். சுற்றினால் ஓராண்டு நீட்டிப்பு. சுற்றாவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. எனக்கும் வசந்தாவுக்கும் வேலை போகும். எங்கள் பிரிவுத் தலைவர் பர்மனென்ட். ஆகவே விசிறியை விட்டுவிட்டு ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட்டார். நெய்வேலியில் எந்த ஜன்னலைத் தடவினாலும் நிலக்கரித் தூள் வரும். தடவிய விரலை வசந்தாவிடம் நீட்டினார்.

"கறுப்பா ஒரு பொட்டுகூட என் கண்ணுல படக் கூடாதும்மா."

பளபளப்பு

குழு வரும் காலை. ஒரு வாரம் பாடுபட்டுத் தயாரித்த பொடியைக் கண்ணாடித் தட்டில் உலரப் பரப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டில் என் முகம் தெரிந்தது. கரி படிந்திருந்ததே என்று தட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டதாக வசந்தா சொன்னார். கோபப்பட முடியவில்லை, இந்த ஊர்க் கண்ணுக்கு அது கரிதான். வாசலில் குழுவின் கார் நின்றது.  விஷயம் புரிந்ததும் வசந்தா கையிலிருந்த கறுப்புத் துணியை மெல்ல நீட்டினார்.

"இன்னும் அலசல சார்."

குமிழி

துணியை வெட்டி அமிலத்தில் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் குழுவுக்கு ஜன்னலைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு துணியில் ஒரு குமிழி, நாலு குமிழி, அப்புறம் சரம் சரமாக. விசிறி நடுங்கியது, சுற்றியது. குழுவில் வந்த அம்மையார் குனிந்து பார்த்தார். பொடியாகப் போட்டால் வடிகட்டித் தொலைக்க வேண்டும், துணியில் ஏற்றும் யோசனை யாருடையது என்று கேட்டார். தலைவர் தொண்டையைச் செருமினார். வசந்தா முந்திக்கொண்டார்.

"நான் வேணும்னு செய்யலீங்கம்மா."

ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அறிக்கையில் அது 'பருத்தி இழையில் வினையூக்கியை ஏற்றும் புதிய முறை' ஆகி, கண்டுபிடித்தவர் இடத்தில் எங்கள் தலைவரின் பெயர் பளிச்சென்று இருந்தது.