கட்டிலுக்கு அடியில் போன அடுப்பு

சாச்சியின் மண்ணெண்ணெய் அடுப்பை நினைத்தால், அது எரிந்த இடமல்ல, ஒளித்துவைத்த இடம்தான் முதலில் கண்ணுக்குள் வருகிறது: உம்மாவின் கட்டிலுக்கு அடியில், சாக்குப் போர்த்தி. புத்தளத்தில், கடல்நீர் ஏரியான களப்பின் ஓரத்தில், எங்கள் பலகை வீட்டின் முன்னறையில் நாங்கள் இருந்தோம். பின்னறையில் உம்மாவின் தங்கையான சாச்சி, இரண்டு பெண்பிள்ளைகளோடு. காணிக்காரர் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம் தந்திருந்தார். அதனால் கையில் ஃபைலோடு யார் ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இரண்டாவது அடுப்பு அணைந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும். சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் ராத்தாட வீட்டுக்கு விருந்து வந்த ஆள்" என்று அக்காவான உம்மாவைக் காட்டுவார்.

"ஒன்ட விருந்து பன்னெண்டு வருஷமா நடக்குது" என்று வந்தவர் போன பிறகு உம்மா சிரிப்பார்.

கரையைத் துப்புரவாக்கி வீதியும் பூங்காவும் அமைக்கப்போவதாக ஒருநாள் கணக்கெடுக்க வந்தார்கள். ஃபைலைக் கண்டதும் அடுப்பு உள்ளே போனது. வந்தவரோ அடுப்பை எண்ணித்தான் குடும்பத்தை எண்ணினார். எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவன் நான் மட்டும்; உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். படிவத்தை நானே நிரப்பினேன். குடும்பங்கள்: ஒன்று. வெளியேற்றப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புதிய தொடர்மாடியில் முன்னுரிமை என்று கடைசிப் பக்கத்தில் இருந்ததைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசித்தேன். ஓடிப்போய்த் திருத்தியிருக்கலாம். சாச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாத மகன். காணிக்காரன் கேள்விப்பட்டா இடிக்க முந்தியே இருக்கிற அறையும் போயிரும்." நானும் நின்றுவிட்டேன்.

எங்களுக்கு மூன்றாம் மாடியில் வீடு கிடைத்தது. சாச்சிக்கு இல்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு, கிளினிக் அட்டை எல்லாம் இணைத்து முறையீடு எழுதினேன். வீடமைப்பு அலுவலகத்தில் அதிகாரி பழைய படிவத்தை என் பக்கம் திருப்பினார்.

"இது தம்பிட கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப நான் எதை நம்புறது?"

பொதுப் பட்டியலில் பதியச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பொதுப் பட்டியலில் இருப்பவர்களும் வீடில்லாதவர்கள்தான். அவர்களைத் தாண்டி ஒருவரை முன்னே விடக் காரணம் வேண்டும். சாச்சியிடம் அது இருந்தது. இடிபட்டது அவருடைய வீடும்தான். அந்தக் காரணத்தைக் காகிதத்திலிருந்து எடுத்தது என் பேனை.

கனமூலைக் கிராமத்தில் வாடகை அறையொன்றில் இருந்துவிட்டு, வாடகை ஏறியதும் சாச்சி பிள்ளைகளோடு எங்கள் மாடி வீட்டுக்கே வந்தார். விதிப்படி அங்கேயும் ஒரு குடும்பம்தான்.

போன மாதம் கதவு தட்டப்பட்டது. இளம் பெண் அதிகாரி, கையில் ஃபைல். நான் கதவைத் திறந்து முடிப்பதற்குள் கட்டிலுக்கு அடியில் தகரம் உரசும் சத்தம்.

"இங்க எத்தன குடும்பம்?"

"நான் ராத்தாட வீட்டுக்கு..." என்று சாச்சி தொடங்கினார்.

உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டையே திருப்பிக் கேட்க ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. இம்முறை எல்லாப் பக்கங்களையும் வாசித்திருந்தேன். உம்மாவைப் பார்த்தேன். உம்மா கட்டிலிலிருந்து எழுந்து விலகி நின்றார். குனிந்து அடுப்பைச் சாக்கோடு வெளியே இழுத்தேன். டைல்ஸ் தரையில் கரிக்கோடு விழுந்தது.

"ரெண்டு" என்றேன். "களப்புக் கரையிலயும் ரெண்டுதான். நான்தான் பிழையா எழுதின."

அவர் எழுதிக்கொண்டு போனார். கரிக்கோட்டைத் துடைக்கக் குனிந்த சாச்சி, துணியைப் போட்டுவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார்.

"விருந்து முடிஞ்சிது ராத்தா" என்றார். "தேத்தண்ணி வைக்கிறன்."

அலுவலகத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை. அடுப்பு வாசலுக்கு நேரே இருக்கிறது.