உதுமான் அண்ணாவிக்கு ஓர் இலை

என் அண்ணி தனம் டீச்சர் போய்விட்டார் என்று சென்னையிலிருந்து போன் வந்தபோது நான் உப்பளத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு ஆச்சரியமே இல்லை. பொங்கலன்றே சொன்னேன், அண்ணி ஆஸ்பத்திரியில் எல்லாம் கிடக்க மாட்டார், ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போவார் என்று. அப்படியேதான் நடந்ததாம். மகள் வீட்டில், காபி டம்ளரும் கையுமாக, பாதிப் பல்லவியில். மரக்காணத்தில் நான் சொல்லி நடக்காதது எது?

உங்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்தில் அவரிடம் பாட்டுப் படித்தவர்கள். ஆனால் ரிட்டயர் ஆன பிறகு என் அண்ணி அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். என் மினி லாரியில்தான் அலைந்தார். யாரும் பாடாத கீர்த்தனை, யாரும் கேள்விப்படாத வாக்கேயக்காரர், இதுதான் அவருக்குப் பைத்தியம். சங்கீதத்தில் எனக்கும் ஞானம் உண்டு. எந்த ராகமானாலும் சட்டென்று பிடித்துவிடுவேன். அண்ணி சிரிப்பார்: "நீ பிடிச்சது ராகம் இல்ல தம்பி, தாளம். அதுவும் தப்பா."

ஒருநாள் அம்மன் கோயிலில் கோவிந்தன் நாதஸ்வரத்தில் ஆனந்தபைரவியில் ஒரு பாட்டு வாசித்தார். கடற்கரைக் காற்றே நின்று கேட்டது. "யாரு பாட்டு கோவிந்தா?" என்றார் அண்ணி. "யாரோ பெரியவங்க பாட்டு டீச்சர்."

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? செய்தவர் தெரியாவிட்டால் பெரிய பேர் ஒன்றில் ஒட்டிவிடுவோம். பாட்டைக் கட்டியவர் தன் பேரைக் கடைசி சரணத்தில் வைத்திருப்பார். நாதஸ்வரத்தில் சொல் ஏது? பேர் காற்றோடு போய்விடும். அண்ணி அன்று சொன்னது: "பெரியவங்க நிறைய சாப்பிட்டாச்சு. இந்த மனுஷனுக்கும் ஒரு இலை போடணும்."

சுனாமிக்கு மறு வருஷம் கூனிமேட்டில் சலீம் பாய் தங்கச்சிக்கு நிக்காஹ். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த சலீம் பாய், மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் ஒரு பாட்டு எடுத்தார். அதே மெட்டு! முதலில் கண்டுபிடித்தது நான்தான். அண்ணி முழங்கையில் இடித்தேன். அவர் பிரியாணித் தட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கடைசி சரணம் பாடுங்க பாய்."

"அது தெரியாதுங்க டீச்சர். எங்க வூட்டுல அதுக்குள்ள பிரியாணி ஆறிடும்னு விட்டுருவாங்க."

"ஏம்பா, சோத்துக்காக ஒரு மனுஷன் பேரையே முழுங்கிட்டீங்களா!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்போது உள் அறையிலிருந்து சலீம் பாயின் அம்மா பாடினார். 'உதுமான் உரைத்த தமிழ் கேளாயோ' என்று முடிந்தது. "எங்க பாட்டனாருக்குப் பாட்டனார்மா, உதுமான் அண்ணாவி. பாட்டு வாத்தியாரு. நிறைய கட்டினாராம். இது ஒண்ணுதான் மிச்சம்."

அண்ணி கைதட்டினார். தாளம் அவருக்கே தப்பியது. அதை நான் சொல்லிக்காட்டினேன்.

அப்போதே அவருக்கு நெஞ்சு சரியில்லை. ஆடித் திருவிழா முடிந்ததும் சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று மகள் கண்டிஷன் போட்டிருந்தாள். "அதுக்குள்ள ஒரே ஒரு தடவை, நாலு பேர் காதுல அவர் பேர் விழணும் தம்பி" என்றார். கோவிந்தனும் ஒத்துக்கொண்டார்: பேரை மைக்கில் சொன்ன பிறகுதான் வாசிப்பு.

திருவிழாவன்று சாமி புறப்பட்டது. மைக் செட்காரர் வாயைத் திறந்தார், கரண்ட் போயிற்று. கூட்டம் சாமித் தேரைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. வேறு வழியில்லாமல் கோவிந்தன் நாதஸ்வரத்துச் சீவாளியை உதட்டில் வைத்துவிட்டார். அண்ணி முகத்தைப் பார்த்தேன். விடுவேனா? தேர்ச் சக்கரத்தில் ஏறி நின்று போட்டேன் ஒரு சத்தம்: "டேய், நிறுத்துங்கடா! இது கூனிமேடு உதுமான் அண்ணாவி பாட்டு!" கோட்டக்குப்பம் வரை கேட்டது. உப்பளத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தன. வளையல் கடை ஓரம் நின்ற சலீம் பாய் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகே கோவிந்தன் வாசித்தார். இப்போதெல்லாம் அவர் எந்த ஊரில் அதை வாசித்தாலும் பேரைச் சொல்லித்தான் தொடங்குகிறார்.

அண்ணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சத்தம். இதில் ஒன்றை மட்டும் மாற்றி எழுதிவிட்டேன். அன்று நான் கீழே நின்று வேடிக்கைதான் பார்த்தேன். ஊரெல்லாம் நான் என் பேரில் சொல்லித் திரிந்தபோதும் அண்ணி சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. ஆனால் செய்தவர் பேரை விட்டால் அவருக்கு ஆகாது. சக்கரத்தில் ஏறியது, டாக்டர் பேச்சை மீறிக் கத்தியது, எல்லாம் தனம் டீச்சர்.